பெரியவர்களுக்கும் வருமா மாறுகண்? எல்லாம் ரெண்டாத் தெரிஞ்சா உடனே கவனிங்க!

சிக்னலில் ஒரே ஒரு சிவப்பு விளக்குதான் எரிகிறது. உங்களுக்கு மட்டும் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு தெரிகிறது. கையிலிருக்கும் மொபைலைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. 'தூக்கம் பத்தலை போல' என்று விட்டுவிடுகிறீர்கள். சில வாரம் கழித்து, ஃபோட்டோவைப் பார்த்த நண்பர் கேட்கிறார்: "உன் ஒரு கண்ணு மட்டும் ஏன் உள்ள போன மாதிரி இருக்கு?"

மாறுகண் என்றாலே குழந்தைகளுக்கு வருவது என்றுதான் நினைக்கிறோம். போதாக்குறைக்கு, 'மாறுகண் இருந்தா அதிர்ஷ்டம்' என்ற பேச்சு வேறு. ஆனால், இருபதிலும் வரலாம், அறுபதிலும் வரலாம். அப்படிப் புதிதாக வந்தால், அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ரெண்டாகத் தெரியும்போது ஒரு கண்ணைக் கையால் மூடுங்கள். பிறகு அடுத்த கண்ணை மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் பிம்பம் ஒன்றாகிவிடுகிறது என்றால், இரண்டு கண்களும் ஒரே திசையில் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு கண்ணை மூடிய பிறகும் இன்னொரு கண்ணில் ரெண்டாகவே தெரிந்தால், பிரச்னை அந்தக் கண்ணுக்குள்ளேயே இருக்கலாம். கண் வறட்சி, பவர் மாற்றம், கண்புரை போன்றவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும்.

மாறுகண் உள்ள குழந்தைகள் பெரும்பாலும் 'ரெண்டாத் தெரியுது' என்று சொல்வதில்லை. வளரும் மூளை, விலகிய கண்ணின் பிம்பத்தை ஒதுக்கிவிடும். வளர்ந்த மூளைக்கு அந்த வித்தை தெரியாது. ஒருவகையில் அதுவும் நல்லதுதான், அந்தத் தொந்தரவு தாங்காமலாவது டாக்டரிடம் போகிறோமே!

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அதில் ஒன்று கண்ணை மூக்குப் பக்கம் இழுக்கும், இன்னொன்று காதுப் பக்கம் இழுக்கும். காதுப் பக்கம் இழுக்கும் தசைக்கு, மூளைத்தண்டிலிருந்து வரும் ஆறாவது நரம்புதான் கட்டளை தருகிறது. அது பலவீனமானால் கண் உள்பக்கம் சாய்ந்துவிடும். சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் இருக்கும் நடுவயதினருக்கு, இந்த நரம்புக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய்கள் பாதிக்கப்பட்டு இப்படி ஆவதுண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். ஆனால், தலையில் அடி, மூளைக்குள் அழுத்தம், கட்டி போன்ற காரணங்களாலும் இதே நரம்பு பாதிக்கப்படலாம். தைராய்டு கோளாறும் தசைகளைப் பாதிக்கும் சில நோய்களும் பட்டியலில் உண்டு. அதனால்தான் கண்ணுக்காகப் போனவரிடம் ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்கள். 'பில் ஏத்துறாங்க' என்று நினைக்க வேண்டாம்.

மொபைலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தென்கொரியாவின் குவாங்ஜு நகர மருத்துவர்கள் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 7 முதல் 16 வயதுக்குட்பட்ட 12 பேருக்குத் திடீரென்று கண் உள்பக்கம் திரும்பியிருந்தது. எல்லோருமே பல மாதங்களாக, தினமும் 4 மணி நேரத்துக்கு மேல், 30 செ.மீ-க்கும் குறைவான தூரத்தில் மொபைல் பார்த்தவர்கள். மொபைலைத் தவிர்க்கச் சொன்னதும் எல்லோருக்குமே விலகல் குறைந்தது. ஆனால், முழுசாகச் சரியாகாத 3 பேருக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது.

12 பேரை வைத்து 'மொபைல்தான் காரணம்' என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனாலும், பக்கத்தில் பார்க்கும்போது இரண்டு கண்களும் உள்பக்கம் குவிய வேண்டும். மணிக்கணக்கில் அதே நிலையில் இருந்தால் உள்தசை இறுகிப்போகலாம் என்பது மருத்துவர்களின் கணிப்பு. கிட்டப்பார்வை இருந்தும் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, படுத்தபடி முகத்துக்கு நேரே மொபைல் பிடிப்பவரா நீங்கள்? உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மருத்துவமனையில் ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து, கண் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பார்கள். விலகலை ப்ரிஸம் வைத்து அளப்பார்கள். சொட்டு மருந்து விட்டு, மறைந்திருக்கும் பவரையும் கண்டுபிடிப்பார்கள். அன்றைக்கு பைக்கில் போகாதீர்கள், மருந்து விட்டால் பல மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். மொபைலில் இருக்கும் பழைய ஃபோட்டோக்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எப்போதிலிருந்து கண் திரும்பியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. மதுரை அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் குழந்தைகள் கண் நலமும் மாறுகண்ணும் ஒரே பிரிவில்தான் வரும். சுற்றிலும் குட்டிப் பசங்களாக இருந்தால், தப்பான இடத்தில் உட்கார்ந்துவிட்டோமோ என்று எழுந்து வந்துவிடாதீர்கள்.

சிகிச்சை என்ன?

சரியான பவர் கண்ணாடியும் மொபைல் நேரத்தைக் குறைப்பதும் சிலருக்குப் போதும். விலகல் குறைவாக இருந்தால், இரண்டு பிம்பங்களையும் ஒன்றுசேர்க்கும் ப்ரிஸம் கண்ணாடி தருவார்கள். இறுகிய உள்தசையைத் தளர்த்த போடாக்ஸ் ஊசியும் உண்டு. சுருக்கம் போக்கும் ஊசியாக நமக்குத் தெரிந்த போடாக்ஸ், 1989-ல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றதே மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்கும்தான்!

விலகல் அதிகமாக இருந்து, பல மாதங்கள் மாறாமல் அப்படியே நின்றால் ஆபரேஷன். 'கண்ணை வெளிய எடுத்து வைப்பாங்களாமே' என்பதெல்லாம் சும்மா. கண்ணின் மேல் ஒட்டியிருக்கும் தசையைப் பிரித்துக் கொஞ்சம் பின்னால் தைப்பார்கள், அல்லது எதிர்ப்பக்கத் தசையைக் குட்டையாக்குவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். சிலருக்கு இரண்டாவது முறையும் தேவைப்படும். லேசரில் இதைச் சரிசெய்ய முடியாது, அது பவருக்கான சிகிச்சை.

யூடியூப் பார்த்து, பென்சிலை மூக்குக்கு நேரே கொண்டுவரும் பயிற்சியை மட்டும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அது கண்களை உள்பக்கம் குவிக்கப் பழக்குவது. உங்கள் பிரச்னையோ ஏற்கெனவே உள்ளே போனது!

ரெண்டாகத் தெரிவதோடு கடுமையான தலைவலி, வாந்தி, பேச்சுக் குளறல், கை கால் பலவீனம், ஒரு இமை தொங்குவது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது என ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போய்விடுங்கள். வண்டியை நீங்கள் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.