பெட்ரோல் டின்னும் மின்கம்பியும்: காட்பாடிச் சாலையிலிருந்து ஒரு பார்வை

காட்பாடி சந்திப்பில் வந்து இறங்குவோரில் கணிசமானவர்கள் நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களுமே. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல நிலைய வாசலில் வண்டி தேடுகிறார்கள். ஆட்டோக்களின் இரைச்சலுக்கு நடுவே சத்தமில்லாமல் நகரும் மின்வாகனங்களையும் இப்போது அங்கே பார்க்கலாம். கார் வாங்கும் வசதியுள்ள வீடுகளில் 'அடுத்தது மின்சாரக் காரா, பெட்ரோல் காரா' என்ற பேச்சும் தொடங்கிவிட்டது.

இதை இந்த நூற்றாண்டின் கேள்வி என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே உலகம் இக்கேள்வியைக் கேட்டு, ஒரு விடையையும் சொல்லி, வழக்கை முடித்துவிட்டது. இப்போது நடப்பது மேல்முறையீடு. முதல் தீர்ப்பு எந்தக் காரணங்களால் வந்தது, அவற்றில் எவை மாறின, எவை மாறவில்லை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1899ஆம் ஆண்டு, பாரிஸுக்கு அருகே அஷேர் என்ற இடத்தில், கமீல் ஜெனட்ஸி என்ற பெல்ஜியக்காரர் மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டினார். சாலை வாகனமொன்று நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது அதுவே முதல் முறை. அது பெட்ரோல் வண்டியல்ல, மின்கல வண்டி. 1900இல் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் 1,681 நீராவியிலும் 1,575 மின்சாரத்திலும் ஓடின. பெட்ரோலில் ஓடியவை வெறும் 936.

அன்றைய பெட்ரோல் வண்டியைக் கிளப்பக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். புகை, அதிர்வு, கியர் மாற்றும் தொல்லை வேறு. மின்சாரக் காருக்கு இவற்றில் எதுவும் இல்லை. நகரத்துப் பெண்கள் அதையே விரும்பினார்கள். பெட்ரோல் காரை உலகமெங்கும் பரப்பிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஓட்டியது 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்ற மின்சாரக் கார்தான்.

பிறகு ஏன் மின்சாரம் தோற்றது? மூன்று நிகழ்வுகளைச் சொல்வது வழக்கம். 1901இல் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டு, எரிபொருள் மலிவானது. 1908இல் ஃபோர்டின் 'மாடல் டி' வந்து, காரின் விலை இறங்கத் தொடங்கியது. 1912இல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்துவக்கி காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது, கைப்பிடி ஒழிந்தது. பெட்ரோல் காரின் பெருங்குறையை ஒரு சிறு மின்மோட்டாரே நீக்கி, மின்சாரக் காரின் தோல்விக்கு வழிசெய்தது என்பது வரலாற்றின் குறும்பு.

ஆனால் நான்காவது காரணம் ஒன்றுண்டு. அதைப் புரிந்துகொள்ள வேலூர்ப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மருத்துவர் ஐடா ஸ்கடர் 1906இல் மாட்டுவண்டியில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குச் செல்லத் தொடங்கினார். சாலையோர மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருப்பார்கள். சில ஆண்டுகளில் அவருக்கு ஒரு சிறிய பெழோ கார் கிடைத்தது. அவருடைய தாய்நாட்டில் மின்சாரக் கார்கள் செழித்திருந்த காலம் அது. ஆனால் அந்தக் கார் ஒன்று இங்கே வந்திருந்தால் என்ன செய்திருக்க முடியும்? பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1932இல், மேட்டூர் 1937இல். கம்பி வராத ஊரில் மின்கலத்துக்கு உயிரில்லை. பெட்ரோலை ஒரு டின்னில் அடைத்து, ரயிலில் ஏற்றி, காட்பாடியில் இறக்கி, மாட்டுவண்டியில்கூடக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். பெட்ரோலின் வெற்றி வேகத்தால் வந்ததன்று. டின்னில் அடங்கும் குணத்தால் வந்தது.

கம்பி இருந்த இடத்தில் மின்சாரமே முந்திக்கொண்டது. சென்னையில் 1895இலேயே மின்சார டிராம் ஓடியது. இந்தியாவின் முதல் மின்டிராம் அதுதான். 1953 வரை அது ஓடிற்று. டிராமும் மின்ரயிலும் ஓடும்போதே கம்பியிலிருந்து மின்சாரத்தைப் பெறுகின்றன. காரோ தனக்கு வேண்டியதைத் தானே சுமக்க வேண்டும். சிக்கல் மோட்டாரில் இல்லை, சுமையில் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. பழைய ஈய-அமில மின்கலம் ஒரு கிலோவில் தாங்குவது 0.03 முதல் 0.04 யூனிட். மோட்டார் தனக்குத் தரப்படும் ஆற்றலில் எண்பத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் சக்கரத்துக்கு அனுப்பினாலும், பெட்ரோல் எஞ்சின் முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்கினாலும், இந்த இடைவெளியை ஈடுகட்ட முடியாது.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் நம்மவர்கள் மின்கலத்தை நாடவில்லை. பேருந்தின் பின்னால் கரிவாயு உலையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். டி.வி.எஸ். நிறுவனத்தார் அத்தகைய உலைகளைத் தயாரித்தார்கள். 'கரி பஸ்' என்பது அந்தத் தலைமுறையின் நினைவில் தங்கிய சொல். கரியும் மூட்டையில் அடங்கும் பொருள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் மின்சாரக் கார் முயற்சி நமக்கு அருகிலேயே தொடங்கியது. 1993இல் தில்லி வாகனக் கண்காட்சியில் வைக்கப்பட்ட 'லவ்பேர்ட்' என்ற இரண்டு இருக்கைக் கார், சாலக்குடியையும் கோவையையும் சார்ந்த முயற்சி. அது நிலைக்கவில்லை. 2001இல் பெங்களூரில் சேத்தன் மைனி 'ரேவா'வைக் கொண்டுவந்தார். அதுவும் ஈய-அமில மின்கல வண்டிதான். ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 80 கிலோமீட்டர். லண்டனில் 'ஜி-விஸ்' என்ற பெயரில் அதை வாங்க ஆளிருந்தது, இங்கே குறைவு. 2010இல் மஹிந்திரா அதை வாங்கிற்று. காட்பாடியிலிருந்து சென்னைக்கு சுமார் 130 கிலோமீட்டர் என்பதை நினைத்தால் ரேவாவை நம் குடும்பங்கள் ஏன் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்பது விளங்கும்.

கணக்கை மாற்றியது லித்தியம். ஒரு கிலோவுக்கு 0.15 யூனிட்டுக்கு மேல் தாங்கும் மின்கலங்கள் வந்தபின், 2020இல் வெளியான டாட்டா நெக்ஸான் மின்காருக்கு ஆய்வக அளவீட்டில் 312 கிலோமீட்டர் சொல்லப்பட்டது. சாலையில் அது குறையும். குளிர்சாதனம் ஓடும் வேலூர்க் கோடையில் இன்னும் குறையும். ஆயினும் சென்னைப் பயணம் கைக்கெட்டியது. ஓட்டத்திலோ பெட்ரோல் கார் போட்டியிட முடியாது. மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவிசையைத் தரும். எஞ்சின் சுழன்று வேகமெடுத்த பின்பே தரும். காட்பாடி மேம்பாலத்து நெரிசலில் நின்று நின்று போகும்போது எஞ்சின் வீணாக எரிகிறது. மோட்டார் சும்மா இருக்கிறது, பிரேக் பிடிக்கையில் கொஞ்சம் ஆற்றலைத் திரும்பவும் சேமிக்கிறது.

வீட்டுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் 101 ரூபாய் என்றால், ஏறத்தாழ 6,700 ரூபாய். மின்கார் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர், யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால், சுமார் 1,330 ரூபாய். மின்கார் நான்கு லட்சம் கூடுதல் விலை என்றால், ஆறேகால் ஆண்டில் ஈடாகும். மின்கலத்துக்குப் பொதுவாகத் தரப்படும் எட்டாண்டு உத்தரவாதத்துக்குள் அது வந்துவிடுகிறது. ஆனால் ஞாயிறு கோவிலுக்கும் திருமணங்களுக்கும் மட்டுமாக மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அதே தொகை ஈடாகப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். இன்னொன்று: நம் வீட்டு மின்கட்டணம் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் அமைப்புடையது. காரை வீட்டில் மின்னேற்றுபவர் மேல்படிக்கட்டுக்குப் போய்விடுவார். சொந்த வாகன நிறுத்தமில்லாத சந்து வீட்டுக்காரரோ விலை கூடிய பொதுநிலையங்களை நம்பியிருக்க வேண்டும். நூறாண்டுக்கு முந்திய கம்பிப் பிரச்சினை வேறு உருவில் இன்றும் இருக்கிறது.

அச்சமும் ஒரு காரணம். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த ஆண்டில் நாட்டின் பல இடங்களில் நேர்ந்த இத்தகைய விபத்துகளை அடுத்து, மின்கலப் பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டு 2022 டிசம்பரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. பெட்ரோலும் எரிவதுதான். ஆனால் பெட்ரோலை நாம் படுக்கையறைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவதில்லை. புதிய பொருளுக்குப் புதிய பழக்கம் வேண்டும் என்பதை அந்த வீடு மிகக் கொடிய விலை கொடுத்து நமக்குச் சொல்லியிருக்கிறது.

இவற்றையெல்லாம் விட முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. மின்கார் தூய்மையானது என்கிறார்கள். அது ஓடும் தெருவில் தூய்மையானதுதான். ஆனால் தூய்மை ஓரிடத்திலும் அதன் கழிவு வேறிடத்திலும் இருப்பது என்றால் என்ன என்று ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை மக்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஐரோப்பியக் கடைகளில் பளபளத்த காலணியின் தோல் இங்கே பதனிடப்பட்டது. கழிவு பாலாற்றில் தங்கியது. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, 'மாசுபடுத்துபவரே விலை தர வேண்டும்' என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கிற்று. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவுக் குவியல், ஆலை மூடிய பின்னும் பல ஆண்டுகள் நிலத்தடி நீரைக் கெடுத்தது.

இதே இராணிப்பேட்டையில்தான் 2021இல் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அருகே பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாட்டா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வேலை வருகிறது, மகிழ்ச்சி. காற்றாலையும் சூரிய ஒளியும் பெருக, கார் ஓட்டும் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு குறையும் என்பதும் நம்பத்தக்கதே. ஆனால் பயன் தீர்ந்த மின்கலங்கள் எங்கே போகும்? 2022இன் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைக்கின்றன. 1996இன் தீர்ப்பும் காகிதத்தில் நன்றாகவே இருந்தது. காகிதத்திலிருந்து ஆற்றுக்கு வர அது எடுத்துக்கொண்ட காலத்தைப் பார்த்தவர்கள் நாம்.

ஆகவே அன்றாடம் நிறைய ஓட்டுபவர், வீட்டில் சொந்தமாக மின்னேற்ற இடமுள்ளவர், மின்காரைத் தயங்காமல் வாங்கலாம் என்பதே என் முடிவு. மற்றவர் பெட்ரோல் காரை இன்னும் சில ஆண்டுகள் வைத்திருப்பதில் குற்றமில்லை. எதை வாங்கினாலும், விற்பவரிடம் வேகத்தையும் தூரத்தையும் கேட்டபின், பழைய மின்கலத்தை யார், எங்கே கொண்டுபோவார்கள் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். பாலாற்றங்கரையில் வாழ்கிறவர்கள் அதைக் கேட்க மறந்தால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை.