சந்திரகிரி அருங்காட்சியகமும் நம் மரபுரிமையும்

வரலாற்றை ஏட்டில் கற்பது ஒருவகை. அது நிகழ்ந்த இடத்திற்கே சென்று கல்லையும் செம்பையும் கண்ணாரக் காண்பது மற்றொருவகை. பின்னதன் பயனைச் சந்திரகிரியில் யாம் உணர்ந்தோம்.

எம் ஊராகிய குடுபல்லி, ஆந்திரமும் தமிழகமும் கருநாடகமும் நெருங்கும் எல்லைப்புறத்தில் உள்ளது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் கன்னடம் என வளர்ந்தவர் யாம். மத்திய அரசின் எழுத்தராக ஊர் ஊராய் மாறி வாழும் யாம், விடுப்பில் வந்தபோது மனைவி மகளோடு சந்திரகிரிக்குப் புறப்பட்டோம். சென்ற நாளோ வெள்ளிக்கிழமை! அன்று அருங்காட்சியகத்திற்கு விடுமுறை என்பதை முன்னரே கேட்டறியாதது எம் பிழையே. திருப்பதியில் தங்கி மறுநாள் மீண்டும் சென்றோம்.

அரசர் வாழ்ந்த மனை

1565இல் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகரப் பேரரசின் தலைநகர் பெனுகொண்டாவுக்கும், பின்னர்ச் சந்திரகிரிக்கும் பெயர்ந்தது. 1586 முதல் 1614 வரை ஆண்ட இரண்டாம் வேங்கடபதி தேவராயர் இங்கு வீற்றிருந்தார். 1639இல் சென்னைக் கோட்டைக்கு நிலம் அளித்த தாமர்ல நாயக்கரும் இவ்வரச மரபுக்கு உட்பட்டவரே. ஆகவே சென்னை நகரின் பிறப்பிலும் சந்திரகிரிக்குப் பங்குண்டு.

மூன்று நிலைகளுடன் விளங்கும் ராஜமகால், மரம் சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டே கட்டப்பட்டது. நாற்றிசையும் வெயில் காய, உள்ளே மண்டபம் குளிர்ந்து கிடந்தது. இவ்வரண்மனையே இன்று இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். குடிமல்லம், கண்டிக்கோட்டை, யாகண்டி முதலிய இடங்களிலிருந்து வந்த சிற்பங்கள் இங்குள்ளன. கருவறையில் விளக்கொளியில் மட்டுமே காணத்தக்க உருவங்களை, இங்கு அருகே நின்று உளியின் போக்கு வரை காணலாம்.

மேலைநாட்டில் ஒரு மாளிகை

இத்தகைய மாளிகைகளுள் உலகப் புகழ் பெற்றது இத்தாலியின் புளோரன்சு நகரத்து உஃபிசி. அதனை நேரில் காணும் பேறு எமக்கு வாய்க்கவில்லை, நூல்வழியே அறிந்தோம். உஃபிசி என்பதற்கு ‘அலுவலகங்கள்’ என்பதே பொருள். மெடிசி குடும்பத்தார் அரசு அலுவல்களுக்கென 1560இல் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. எம்போன்ற எழுத்தர்கள் கோப்புகளோடு அமர்ந்த கட்டடமே பின்னர்க் கலைக்கூடமாயிற்று என்றறிந்தபோது எமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பானேன்?

ஏறத்தாழ அக்காலத்தில்தான், ஏசு சபைத் துறவியர் சந்திரகிரி அரசவைக்கு வந்தனர். அவர்களுள் ஓவியம் வல்லோரும் இருந்தனர். வேங்கடபதியார் அவர்தம் கலையை விரும்பிப் போற்றினார். ஐரோப்பியக் கலை நம் மலையடிவாரத்திற்கு அன்றே வந்துவிட்டது.

மெடிசி மரபின் கடைக்கொழுந்து அன்னா மரியா லூயிசா என்னும் பெருமாட்டி. மரபைத் தொடரப் பிள்ளை இல்லாத அவர், 1737இல் ஓர் உடன்படிக்கை செய்தார். குடும்பத்தின் கலைச்செல்வம் முழுவதும் புளோரன்சுக்கே உரியது. அவற்றுள் எதுவும் அந்நகரை விட்டு வெளியேறலாகாது என்பது அதன் சாரம். 1769இல் உஃபிசி மக்களுக்குத் திறக்கப்பட்டது. பிள்ளையற்ற பெண்மணி ஓர் ஊரையே பிள்ளையாக்கிக் கொண்டார்!

கல் கேட்ட கேள்வி

சந்திரகிரியில் குடிமல்லத்துச் சிற்பங்களைக் கண்ட எமக்கு, அவை பிறந்த ஊரையும் காணும் ஆவல் எழுந்தது. அடுத்த நாள் குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயிலுக்குச் சென்றோம். ஏறத்தாழ ஐந்தடி உயர இலிங்கத்தில், குள்ள உருவம் ஒன்றின் தோள்மீது நிற்கிறார் சிவபெருமான். ஒரு கையில் ஆடு, மறு கையில் சிறு கலம், தோளில் மழு. கிறித்துவுக்கு முற்பட்டதென அறிஞர் பலர் கருதும் இவ்வுருவம், அருங்காட்சியகம் புகாமல் தன் இடத்திலேயே வழிபாடு பெறுகிறது.

அக்கோயிலின் பல்லவர், பாணர், சோழர் காலக் கல்வெட்டுகள் தமிழிலானவை. திருமலையில் சாமவை என்னும் அரசி வெள்ளித் திருமேனி அளித்ததைக் கூறும் கல்வெட்டும் தமிழே. அது 966ஆம் ஆண்டினது என்பர்.

எழுத்துகளைத் தடவிய எம் மகள், “அப்பா, இது என்ன மொழி?” என்றாள்.

“தமிழம்மா” என்றோம்.

“அப்படியானால் படித்துக் காட்டுங்கள்” என்றாள்.

பழைய வரிவடிவம், சில எழுத்துகளுக்கு மேல் எம்மால் கூட்டிப் படிக்க இயலவில்லை. அவளோ இன்றைய தமிழெழுத்தையே அறியாதவள். பணிமாற்றத்தைக் காரணம் காட்டி, கற்பிப்பதை ஆண்டுதோறும் தள்ளிப்போட்டவர் யாமே. அம்மாளிகைப் பெருமாட்டிக்கு வாரிசு இல்லை. ஆயினும் செல்வம் கைமாறிச் சேர்ந்தது. எமக்கு வாரிசு இருந்தும், கொடுக்க வேண்டியதைக் கொடாதிருந்தோம்.

சிலைகளைக் காக்கத் தொல்லியல் துறை உண்டு. கல்லில் உள்ள மொழியைக் காக்க வேண்டியது நம் வீட்டுத் திண்ணையன்றோ? ஊர்விட்டு ஊர் வந்து வாழும் அன்பர்களே, விடுமுறையில் மக்களைச் சந்திரகிரிக்கு அழைத்துச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமையை மட்டும் தவிர்த்திடுங்கள். புறப்படும் முன் அகரத்தைத் தொடங்கிவையுங்கள். எம் இல்லத்தில் அது அன்றிரவே தொடங்கிற்று.