மம்மட்டியும் பழங்காசும்: வைகைச் சமவெளியில் ஓர் அகழ்கருவியின் வரலாறு

மண்ணுள் புதைந்த பழைய உலோகத்தைத் தேடுவோர் விலை குறைந்த மண்வாரி ஒன்றை வாங்கி, அதன் அலகைக் குறுக்கி, விளிம்பைத் தீட்டித் தம் வேலைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் வழக்கம் இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காட்டியின் பரவலோடு வளர்ந்ததாகும். மதுரை நகரையும் அதனைச் சூழ்ந்த வைகைச் சமவெளியையும் பொறுத்தவரை, உழவுக்கென அடிக்கப்பட்ட மலிவான இரும்பே பழம்பொருளை வெளிக்கொணரும் கருவியாகவும் நெடுங்காலம் இருந்துவந்துள்ளது. எந்தக் கருவி, எந்த அளவில், எவர் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தே இங்குக் கிடைத்த காசு வரலாற்றுச் சான்றாக நின்றதும் வெறும் உலோகமாக உருகியதும் அமைந்தன.

அந்தக் கருவிகளுள் முதன்மையானது மண்வெட்டி. பேச்சு வழக்கில் மம்மட்டி. மேலைநாட்டு மண்வாரி காலால் அழுத்தி மண்ணுள் இறக்கப்பட, மம்மட்டியோ ஓங்கி வெட்டி, வெட்டிய மண்ணை ஆள் தன்னை நோக்கி இழுக்கும்படி அமைந்தது. அதன் அகன்ற அலகு, ‘கணை’ எனப்படும் மரக்காம்போடு கூர்ங்கோணத்தில் பொருந்தியிருக்கும். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் கிடைத்த இரும்புப் பொருட்களுள் மண்வெட்டி வகைகளும் இருந்தமையால், பாண்டிய நாட்டில் இக்கருவியின் தொன்மை ஐயத்துக்கு இடமற்றது. கண்மாய் என இப்பகுதியில் வழங்கும் ஏரிகளின் கரையை உயர்த்தவும், வாய்க்காலைத் தூர்வாரவும், 1895இல் பெரியாறு அணையின் நீர் வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டபோது புதிய கால்வாய்களை வெட்டவும் உழைத்த கைகளில் இருந்தது இதுவே. 20ஆம் நூற்றாண்டில் ஆலையில் அச்சடித்த அலகுகள் சந்தைக்கு வந்த பின்னரும், அவற்றை மண்ணுக்கேற்பத் திருத்தும் வேலை கொல்லர் பட்டறையை விட்டு அகலவில்லை. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஈரத்தில் அலகோடு ஒட்டிக்கொள்ளும், கோடையில் பாறையாக இறுகும். ஆற்றோரத்து வண்டலோ எளிதில் உதிரும். ஒரே அலகு இரண்டுக்கும் பொருந்தாது என்பதால் வளைவையும் கோணத்தையும் மாற்றி அடித்துக் கொள்வது உழவரின் வழக்கமாயிற்று.

இத்திருத்தங்களுள் வரலாற்று நோக்கில் மிகவும் கருதத்தக்கது, தேய்ந்த மம்மட்டியைச் சிறுகருவியாக மாற்றும் முறை. பல ஆண்டு உழைப்பில் விளிம்பு தேய்ந்து பயனற்றுப்போன அலகைக் கொல்லர் உலையில் காய்ச்சி, வேண்டிய அகலத்துக்கு வெட்டி, சம்மட்டியால் அடித்து, நுனியை நீரில் தோய்த்து உறுதியாக்கிக் குட்டையான காம்பு பொருத்தினால், களைக்கொத்து எனப்படும் ஒருகைக் கருவி கிடைக்கும். அரிவாளுக்குப் பெயர்பெற்ற திருப்பாச்சேத்தி, மதுரைக்குக் கிழக்கே வைகைச் சமவெளியில்தான் உள்ளது. லாரியின் பழைய வில்பட்டையை அரிவாளாக்கும் தொழிலறிவும், தேய்ந்த மம்மட்டியைக் களைக்கொத்தாக்கும் தொழிலறிவும் ஒரே மரபைச் சேர்ந்தவை. குத்தவைத்து அமர்ந்து, பயிரின் வேரைத் தொடாமல் களையை மட்டும் எடுப்பதற்காக உருவான இக்கருவியின் அடக்கமான வீச்சு, பிற்காலத்தில் முற்றிலும் வேறொரு துறைக்குப் பயன்பட இருந்தது.

வைகையின் மணற்படுகை பழங்காசு தரும் இடமாக 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. தென்னிந்தியக் காசுகளைச் சேகரிப்போருக்கென 1880களில் நூல் எழுதிய டஃப்னெல் என்ற படை அதிகாரி, மதுரையில் ஆற்றுப்படுகையிலிருந்து கிடைத்த சிறிய ரோமானியச் செப்புக்காசுகளைக் குறிப்பிட்டார். திருமங்கலத்தில் பணியாற்றிய அமெரிக்க மதுரை மிஷனின் ஜே. ஈ. டிரேசி பாண்டியர் காசுகளைத் திரட்டி ஆராய்ந்தார். வடகிழக்குப் பருவமழையில் பெருகும் வெள்ளம் மணலைப் புரட்டிப் பளுவான பொருட்களைப் பள்ளங்களில் தங்கவிடுவதால், நீர் வடிந்த பின் மணலை வெட்டிச் சல்லடையில் அரித்தால் காசு அகப்படும் வாய்ப்புண்டு. இங்குக் கிடைத்த ரோமானியச் செப்புக்காசுகளுள் பல கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. விரல் நகத்தளவேயான அக்காசுகளை வெறுங்கண்ணால் பொறுக்குவது பெரும் பொறுமை வேண்டும் வேலை. மதுரையில் வாங்கிய காசுகளிடையே ‘பெருவழுதி’ என்ற பெயரைத் தமிழ்பிராமி எழுத்தில் தாங்கிய பாண்டியர் காசை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் கண்டறிந்ததும், மணலை அரித்துத் தேடிய பெயர் அறியப்படாதவர்களும் வணிகரும் உருவாக்கிய சந்தை வழியாகவே. ஆயினும் ஆற்றுமணலில் புரண்டு, கைமாறிக் கடைக்கு வந்த காசு எந்த அடுக்கில், எந்தப் பானையோட்டுக்கு அருகில் கிடந்தது என்பதை எவராலும் மீட்க இயலாது.

நிலத்தில் கிடைத்த புதையல்களின் நிலையும் பெரிதும் வேறன்று. அன்றைய மதுரை மாவட்டத்தில் பழனிக்கு அருகிலுள்ள கலயமுத்தூரில் 1856இல் ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பின்னர் வந்த 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என விதித்தது. உரியவர் எவரும் இல்லாதபோது, கண்டவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்கு உரியவருக்குக் கால் பங்கும் என்பது அதன் பொது ஏற்பாடு. அறிவிப்பில் பொருளின் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றைக் கேட்ட அச்சட்டம் ஆழத்தைக் கேட்கவில்லை. பங்கீட்டை முதன்மையாகக் கொண்ட சட்டத்தில் இது எதிர்பார்க்கத்தக்கதே எனினும், ஆய்வாளருக்கு அந்த ஒரு விடுபாடு பேரிழப்பாகும்.

ஆழத்தின் பொருளை வலியுறுத்தும் முறை தமிழ் நிலத்தில் வேரூன்றியது 1945இல், புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில். சதுரக் குழிகளுக்கிடையே வரப்புப்போல வெட்டாத மண்சுவரை விட்டு, அதன் முகப்பில் மண்ணடுக்குகளைப் படித்துப் பதிவது அம்முறையின் சாரம். அதற்கு மம்மட்டி மட்டும் போதாது. அதன் ஒரு வெட்டு அரைச் சாண் ஆழத்து மண்ணைப் பெயர்த்து ஒன்றாகக் கலந்துவிடும். அடுக்கின் நிறம் மாறும் இடத்தில் மண்ணைச் சீவி எடுக்கச் சிறுகொத்தும் கரண்டியும் தூரிகையும் தேவை.

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் உள்ள கீழடியில், இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணன் தலைமையில் 2015இல் அகழாய்வு தொடங்கியபோதும், 2018 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அதனைத் தொடர்ந்தபோதும், குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களின் உழவுத் தொழிலாளர்கள்; அவர்களுள் பெண்கள் பலர். களையெடுப்பில் பழகிய கைக்கு மண்ணின் இறுக்கத்தில் ஏற்படும் சிறு மாறுதலும் புலப்படும் என்பதால், செங்கற் சுவரையும் உறைகிணற்றையும் சிதைக்காமல் வெளிக்கொணர்ந்ததில் அவர்தம் திறமைக்கு உரிய இடத்தை ஆய்வறிக்கைகள் இன்னும் விரிவாக வழங்கவேண்டும். அருகிலுள்ள அகரத்தில் 2020இல் கிடைத்த ‘வீரராயன் பணம்’ என்னும் சிறு பொற்காசு, குழியும் ஆழமும் குறிக்கப்பட்ட நிலையில் பதிவு செய்யப்பட்டதால், ஆற்றுமணலில் கிடைத்த நூறு காசுகள் சொல்லாததைச் சொல்லும் தகுதி பெற்றது.

உலோகங்காட்டியின் வரலாறு மம்மட்டியின் வரலாற்றோடு ஒப்பிடக் குறுகியது. கம்பிச்சுருளில் மாறும் மின்னோட்டத்தைச் செலுத்தி, அருகிலுள்ள உலோகத்தில் எழும் எதிர்விளைவை ஒலியாக உணர்த்தும் இக்கருவியின் தொடக்க வடிவத்தை, 1881இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட கிரகாம் பெல் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப்போரில் போலந்துப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி காட்டியே பின்னாளில் பொழுதுபோக்குத் தேடலுக்கு வழி திறந்தது. சிறு காசைப் பெரும்பாலும் ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட ஆழம் வரையே அது உணர்த்தும். காசைச் சுற்றியுள்ள பானையோடு, கரி, எலும்பு எதையும் அறியாது. இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தில் உரிமமின்றித் தோண்டுவதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பதாலும், நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வருவதாலும், அக்கருவியோடு நிலத்தில் இறங்கும் தனிமனிதப் பொழுதுபோக்குக்கு இங்கே இடமில்லை. அந்தத் தடை நியாயமானதே. கீழடியில் தரையூடுருவும் ரேடாரும் காந்தமானியும் பயன்படுத்தப்பட்டன. ஆயினும் அவை நிலத்தடியில் ஏதோ இருப்பதாகக் காட்டிய இடத்தில், அது சுவரா, கிணறா, வெறும் மண்கட்டியா என்பதை உறுதிப்படுத்த மீண்டும் மம்மட்டியால் மேல்மண் அகற்றப்பட்டு, அதன்பின் களைக்கொத்தே மண்ணைத் தொட வேண்டியிருந்தது.