மின்காந்தத் துடிப்புக்குப் பின் ஓடும் வண்டி எது? சேர்வராயன் மலையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

வளிமண்டலத்துக்கு மேலே அணுகுண்டு ஒன்று வெடித்தால் எழும் மின்காந்தத் துடிப்பு மின்னணுக் கருவிகளை நொடியில் செயலிழக்கச் செய்துவிடும், அதன்பின் பழைய ஜீப்பும் பழைய புல்லட்டும்தான் சாலையில் ஓடும் என்றொரு கருத்து பரவலாக நிலவுகிறது. அக்கருத்தில் எவ்வளவு உண்மை என்பதைச் சேர்வராயன் மலையில் வைத்துச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதன் மேலுள்ள ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள்; மறுபக்கம் குப்பனூர் வழி. நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம், வாழவந்தி என்று விரியும் அறுபதுக்கும் மேற்பட்ட மலைக்கிராமங்களுக்கு அரிசி, டீசல், மருந்து எல்லாம் கீழிருந்தே வருகின்றன. பெரிய மருத்துவமனைக்குப் போவதென்றால் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டபோது, இந்த ஊர் எவ்வளவு மெல்லிய இழையில் நிற்கிறது என்பது தெரிந்தது. இத்தகைய இடத்தில் துடிப்பைத் தாங்கும் வண்டிகளுக்குப் பஞ்சம் வராது. அவற்றுக்கு ஊற்ற எண்ணெயும் பழுது பார்க்க ஆளும் கிடைப்பதே அரிதாகும். எனவே மலைக்கு வண்டி தேர்பவர் முதலில் பார்க்க வேண்டியது எரிபொருளையும் பழுதுபார்ப்பையும்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. துடிப்பின் இயல்பு

வெடிப்பிலிருந்து பாயும் காமாக் கதிர்கள் தரையிலிருந்து சுமார் 20 முதல் 40 கி.மீ. உயரத்தில் காற்றணுக்களை மோதி எலக்ட்ரான்களை உதைத்துத் தள்ளுகின்றன. அந்த எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் வளையும்போது பிறப்பதே முதல் துடிப்பு. சில நானோ நொடிகளில் உச்சத்தைத் தொடும் இதன் வலிமை மீட்டருக்கு 50,000 வோல்ட் வரை போகலாம் என்று கணக்கிடுகிறார்கள். அடுத்தது மின்னலை ஒத்த இரண்டாம் கட்டம். மூன்றாவது, நொடிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்கு வரை மெதுவாக அசையும் கட்டம். நீண்ட மின்பாதைகளில் புகுந்து மின்மாற்றிகளைச் சூடேற்றுவது இதுதான். சூரியப் புயலும் இந்த மூன்றாம் வகை விளைவையே தரும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தின் மின்கட்டமைப்பு சூரியப் புயலால் விழுந்தது. ஆனால் தெருவில் நின்ற கார்கள் பழுதாகவில்லை. இரண்டு ஆபத்துகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி அச்சம் பிறக்கிறது.

பூகாந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்பகுதியை ஒட்டிச் செல்கிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் நடத்துவதும் அதனால்தான். இங்கே காந்தப்புலம் வடநாடுகளில் இருப்பதைவிட வலுக் குறைந்தது. ஆனால் ஏறக்குறைய கிடைமட்டமாகக் கிடக்கிறது. வடநாடுகளில் வெடிப்புக்குக் கீழுள்ள இடத்துக்குச் சற்று வடக்கே துடிப்பு மெலிந்த ஒரு பகுதி அமையும். நம் பகுதியில் கதிர் செங்குத்தாக இறங்க, புலம் கிடையாக நிற்பதால், வெடிப்புக்கு நேர் கீழே இருக்கும் ஊருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

2. சோதனைகள் சொல்வது

1962 ஜூலையில் அமெரிக்கா ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் 1.4 மெகாடன் குண்டை வெடித்தது. ஏறத்தாழ 1,400 கி.மீ. தள்ளியிருந்த ஹொனலுலுவில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன. அதே ஆண்டு அக்டோபரில் சோவியத் நாடு கஜகஸ்தானுக்கு மேலே நடத்திய சோதனையில் 570 கி.மீ. நீளத் தொலைபேசிப் பாதை பழுதானது. இரண்டு இடங்களிலும் அடிபட்டவை நீண்ட கம்பிகளோடு இணைந்திருந்தவை. கம்பி நீள நீள அது அள்ளும் ஆற்றலும் கூடும். நான்கைந்து மீட்டர் நீளமுள்ள வண்டி அந்த வகையில் சிறிய இலக்குதான்.

வண்டிகளைப் பற்றிய நேரடிச் சான்று, அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த துடிப்பு ஆணையம் 2008இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. 1986 முதல் 2002 வரையிலான 37 கார்கள் மீட்டருக்கு 50,000 வோல்ட் வரை சோதிக்கப்பட்டன. அணைத்து நிறுத்தியிருந்த கார் எதுவும் பாதிக்கப்படவில்லை. ஓடிக்கொண்டிருந்தவற்றில் மூன்றின் இன்ஜின் சுமார் 30,000 வோல்ட்டுக்கு மேல் நின்றது; அவற்றைத் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது. மற்றவற்றில் பெரும்பாலும் டாஷ்போர்டு விளக்குகள் கண் சிமிட்டியதோடு சரி. 18 லாரிகளிலும் மூன்று நின்றன. இரண்டு உடனே கிளம்பின, ஒன்றை மட்டும் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது.

இந்தச் சான்றுக்கு எல்லை உண்டு. 2003க்குப் பிந்தைய வண்டி எதுவும் அதில் இல்லை. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை நெறி கட்டாயமான பிறகு, மொபெட்டில்கூட எரிபொருளை அளந்து பாய்ச்சுவது மின்னணுப் பெட்டிதான். இன்றைய வண்டிகள் மின்காந்தத் தாங்குதிறன் சோதனையில் தேறியே சந்தைக்கு வருகின்றன என்றாலும், அச்சோதனை மீட்டருக்குச் சில பத்து வோல்ட் அளவில் நடப்பது. துடிப்பின் உச்சம் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். ஆகவே புதிய வண்டிகள் எல்லாம் செத்துவிடும் என்பதற்கும் சான்று இல்லை, எல்லாம் பிழைத்துவிடும் என்பதற்கும் சான்று இல்லை. பழையதெல்லாம் மின்னணு அற்றது என்பதும் தவறு. தீப்பொறியை மின்னணுவால் இயக்கும் சிடிஐ பெட்டி வைத்த பைக்குகளில் குறைக்கடத்திகள் உண்டு. பிளாட்டினம் பாயிண்ட்டும் கன்டன்சரும் மட்டுமே கொண்ட, திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் போன்றவற்றையே விதிவிலக்காகச் சொல்ல முடியும்.

3. மலைப்பாதையில் முதல் நிமிடம்

சமவெளியில் இன்ஜின் நின்றால் வண்டி ஓரமாக உருண்டு நிற்கும். கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது நின்றால் கதை வேறு. பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு முறை மிதிக்கும் வரைதான் தாங்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங் கனத்துப்போகும். கியர் போட்டபடி இறங்கும் வண்டியில் மட்டும் நின்றுபோன இன்ஜினே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். டார்க் கன்வெர்ட்டர் வைத்த தானியங்கி கியர் வண்டியில் இந்தப் பிடிப்பை நம்ப முடியாது. இரண்டாம் கியரில் ஏறிய பாதையை இரண்டாம் கியரிலேயே இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்லும் பழைய விதி இங்கே உயிர் காக்கும். மலைக்கு வாங்கும் வண்டி கையால் கியர் மாற்றுவதாக இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

4. எரிபொருள்: யாழ்ப்பாணத்தின் பாடம்

துடிப்புக்குப் பின் மின்கட்டமைப்பு விழுந்தால் பெட்ரோல் பங்க்கின் மோட்டார் ஓடாது. தென்னிந்திய மின்கட்டமைப்பு 2013 டிசம்பர் 31 முதல் நாட்டின் பிற பகுதிகளோடு இணைந்தே இயங்குகிறது. எனவே தொலைவில் விழும் அடியும் இங்கே உணரப்படலாம். வண்டி பிழைத்து எண்ணெய் தீர்ந்த நிலை எப்படியிருக்கும் என்பதைத் தமிழர்கள் ஏற்கெனவே வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள்.

1990க்குப் பிறகு, இலங்கை உள்நாட்டுப் போரின்போது, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெட்ரோல், பேட்டரி, உதிரிபாகம் முதலியவை போவது தடைசெய்யப்பட்டது. மின்சாரமும் இல்லை. அங்கே ஓடியவை ஆஸ்டின், மோரிஸ் போன்ற பழைய ஆங்கிலக் கார்கள். அவற்றின் இன்ஜின் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் தாழ்ந்திருந்ததால், தட்டுப்பாடான மண்ணெண்ணெயிலும் ஓடின. குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே கார்புரேட்டரில் சில துளி பெட்ரோலை விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கக்கியது, இன்ஜின் ஆயில் நீர்த்துத் தேய்மானம் கூடியது; ஆனால் நோயாளி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டுகளில் தயாரான நவீன கார்கள் அந்த எண்ணெயைத் தாங்கியிருக்காது. மற்றவர்கள் மிதிவண்டியில் போனார்கள். அந்தக் கடைசி வழி சமவெளியான யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தும், ஏற்காட்டுக்குப் பொருந்தாது.

இதற்கு முந்திய சான்று, இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கரிவாயு பஸ். பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது டி.வி.எஸ். நிறுவனம் தானே வாயுக்கலம் தயாரித்துப் பொருத்தி பஸ்களை ஓட்டியது. காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் விறகுக்குப் பஞ்சமில்லை என்பதால் இம்முறை மலைக்கு ஏற்றதுபோல் தோன்றும். ஆனால் கரிவாயுவில் இன்ஜினின் சக்தி பாதியளவு வரை குறையும். 20 வளைவு ஏற அது பெருங்குறை. கரிவாயு சமவெளிக்குத்தான் கைகொடுக்கும்.

5. எது பொருந்தும்

இந்த அளவுகோல்களை வைத்துப் பார்த்தால் முதலிடம் பெறுவது இயந்திர பம்ப் கொண்ட பழைய டீசல் ஜீப்பும் டிராக்டரும்தான். துடிப்பைத் தாங்குவது அவற்றின் சிறப்பில் ஒரு பகுதி மட்டுமே. புதிய காமன் ரெயில் டீசல் இன்ஜின் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைப் பாய்ச்சுவதால் தூசும் நீரும் கலந்த எண்ணெயை ஏற்காது. பழைய பம்ப் அதில் சிறு பங்கு அழுத்தத்தில் வேலை செய்வது. வடிகட்டிய புங்க எண்ணெயை டீசலோடு கலந்து ஊற்றினாலும் நெருக்கடிக்கு ஓடும். நாசிலைக் கழற்றித் துடைத்து மாட்ட மடிக்கணினி தேவையில்லை.

வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் அணைந்தால், பம்பின் தலையில் மின்சாரத்தால் திறந்து நிற்கும் வால்வு இருக்கிறது என்று பொருள்; மின்சாரம் நின்றால் இன்ஜினும் நிற்கும். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழை இழுத்தால்தான் அணையும் என்றால், ஒருமுறை கிளம்பிய அந்த இன்ஜினுக்கு மின்சாரமே வேண்டாம். பேட்டரி செத்தாலும் சரிவில் உருட்டிக் கிளப்பலாம். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தும் மலை வழக்கம் இதற்கு உதவும். குளிர்காலக் காலையில் ஹீட்டர் பிளக் தேவைப்படும் இன்ஜின்கள் மட்டும் இதில் தகராறு செய்யும்.

மின்வண்டியை முற்றிலும் ஒதுக்கிவிடவும் முடியாது. சார்ஜில் மாட்டியிருக்கும்போது அது பல கி.மீ. நீள மின்கம்பியின் நுனியாகிவிடுகிறது. அதுவே அதன் ஆபத்து. கழற்றி நிறுத்திய வண்டியும் கூரைச் சூரியத் தகடும் இன்வெர்ட்டரும் பிழைத்தால், கீழிருந்து எண்ணெய் வராமலே ஓடும் ஒரே வண்டி அதுவாகவும் இருக்கலாம்.

6. ஒரு மறுப்பும் விடையும்

பழைய வண்டிகளைப் போற்றுவது வெறும் ஏக்கம், அவற்றின் பிரேக்குகளே மலையில் ஆளைக் கொல்லும் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. என்றோ வரக்கூடிய துடிப்புக்காக அன்றாடப் பயணத்தின் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது அறிவுடைமை ஆகாது. ஆனால் இன்றைய விதி மறுகோடிக்குப் போய்விட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க மத்திய விதி இடம்தருவதில்லை. பாதுகாப்புப் பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டுமே விலக்கு. புகையைக் குறைக்க இது நல்ல விதிதான். ஆயினும் நெருக்கடியில் முதலில் ஓட வேண்டிய அரசுத் துறைகளிடம் இயந்திர பம்ப் வண்டிகள் படிப்படியாக அருகிவிடும் நிலையை இது உண்டாக்குகிறது. மலையில் அத்தகைய வண்டிகள் இனிப் பெரும்பாலும் தோட்டக்காரர்களிடமும் விவசாயிகளிடமும்தான் இருக்கும்.

முடிவுரை

துடிப்பு வண்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் என்பதற்குக் கிடைத்துள்ள சான்று வலுவற்றது. வண்டியின் வயதை மட்டும் வைத்துத் தேர்வது தவறான அளவுகோல். சேர்வராயன் மலைக்குப் பொருந்தும் ஏற்பாடு மூன்று கூறுகள் கொண்டது. அன்றாடத்துக்குக் கையால் கியர் மாற்றும் நவீன வண்டி. சில கிராமங்களுக்கு ஒன்று வீதம், பிரேக் சீரமைத்து, அவசரத்துக்கு மட்டும் எடுக்கும் இயந்திர பம்ப் ஜீப்போ டிராக்டரோ. அதற்கென்று பேரலில் டீசல், கையால் சுற்றும் பம்ப், உதிரி நாசில்கள். இவை துடிப்பே வராவிட்டாலும் அடுத்த மண்சரிவின்போது பயன்படும். 15 ஆண்டு விதியிலிருந்து மலை வட்டங்களுக்கு ஓரிரு அவசர வண்டிகளை விலக்கி வைக்க அரசு முன்வர வேண்டும். பழைய பம்பைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகளிடமிருந்து அந்த வேலையை இளையவர்கள் கற்றுக்கொள்ளத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இப்போதே வழிசெய்ய வேண்டும்.