வியாழனின் வானொலியும் ஊவா மலைகளும்

வியாழக் கோளிலிருந்து வானொலி அலைகள் வருகின்றன என்பது 1955 வரை உலகம் அறியாத செய்தியாகும். அவ்வாண்டு அமெரிக்காவின் கார்ணகி நிறுவனத்தைச் சேர்ந்த பேர்னாட் பேர்க், கெனத் பிராங்ளின் ஆகிய இருவரும் 22.2 மெகாஹேட்ஸ் மீடிறனில் வானை ஆராய்கையில், விட்டுவிட்டு எழுந்த இரைச்சலொன்றைக் கண்டனர். மோட்டார் வாகனத்தின் குறுக்கீடோ என முதலில் ஐயுற்றனர். அது தோன்றிய திசையே வியாழனைக் காட்டிக்கொடுத்தது. இதனை அறிந்த அவுஸ்திரேலிய ஆய்வாளர் ஷெயின் தமது பழைய பதிவுகளைப் புரட்டினார். 1950-51 ஆம் ஆண்டுகளின் பதிவுகளிலேயே அவ்விரைச்சல் இருந்தது. பூமியில் எழுந்த குறுக்கீடெனக் கருதி அதனை ஒதுக்கியிருந்தனர்.

அடுத்த திருப்பம் 1964 இல் நிகழ்ந்தது. வியாழன் தன்னைத்தானே சுற்றும் காலம் 9 மணி 55 நிமிடம். எனினும், அலைகள் எழும் நேரத்தை இச்சுழற்சி மட்டும் விளக்கவில்லை. 1610 இல் கலிலியோ கண்ட நான்கு உபகோள்களுள் வியாழனுக்கு மிக அண்மையிலுள்ள அயோ, தன் பாதையிற் குறிப்பிட்ட இரு நிலைகளை அடையும்போதே வலிய அலைகள் எழுகின்றன என ஈ. கே. பிக் காட்டினார். 42½ மணிக்கொருமுறை வியாழனைச் சுற்றும் அயோ, அதன் காந்தப்புலத்தினுள் ஒரு தைனமோ போலத் தொழிற்படுகின்றது. பல இலட்சம் அம்பியர் மின்னோட்டம் காந்தக் கோடுகள் வழியே கோளை நோக்கிப் பாய்கின்றது. அக்கோடுகளைச் சுற்றிச் சுழலும் இலத்திரன்கள் அலைகளை உமிழ்கின்றன. 1979 இல் வொயேஜர் 1 அயோவின் எரிமலைகளை வெளிப்படுத்தியது. அவை கக்கும் கந்தகச் சேர்மங்கள் அயன்களாகி இவ்வினைக்குத் துணைபுரிகின்றன.

இவ்வலைகள் சிற்றலை எல்லையைச் சார்ந்தவை. 20 மெகாஹேட்ஸ் அளவிற் கேட்கவல்ல வானொலியும் இரண்டு கம்பி அலைவாங்கியும் அவற்றைப் பிடிக்கப் போதும். ஏறத்தாழ 7 பாகை வடக்கேயுள்ள பதுளையில் வியாழன் எவ்வாண்டிலும் ஏறக்குறைய 60 பாகை உயரத்திற்கேனும் எழுகின்றது. நமுனுகுலை மலைச்சாரலின் இரவுகளோ நகர இரைச்சலுக்கு எட்டியவை.

கருவி எளிது, அதனைக் கையாளும் கல்வியே அரிதாயிருந்தது. வியாழனின் குரல் உலகிற்கு அறிவிக்கப்பட்ட 1955 இல், ஊவாத் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்திருந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்குக் கிட்டியவை பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு முடியும் தோட்டப் பாடசாலைகளே. அவற்றை அரசு 1970களிற் பொறுப்பேற்கத் தொடங்கியது. 2005 இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

பசறையிலும் லுணுகலையிலும் பயிலும் மாணவர், அயோவின் நிலைகளைக் குறித்த அட்டவணையொன்றைக் கையிற்கொண்டு, பிக் கண்ட உண்மையைத் தாமே சோதித்தறியலாம். அதற்கு வழிசெய்தல் பல்கலைக்கழகங்களின் கடன்.