இரண்டு சொட்டு எண்ணெய்

வில்லியனூர்த் தேரைப் பிரெஞ்சுக் கவர்னரே வடம் பிடித்து இழுத்த காலம் உண்டு. எனக்கோ அந்தத் திருவிழாவில் கண்ணெல்லாம் பலூன் சுடும் கடைமேல்தான்.

ஸ்பிரிங் துப்பாக்கிக்குப் பேர் வாங்கித் தந்தவர் பர்மிங்காம் லிங்கன் ஜெஃப்ரிஸ். அவர் வடிவமைத்ததை 1905-ல் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்து விற்றது. விசையை அழுத்தினால் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைத் தள்ளும்; பிஸ்டன் காற்றை அமுக்கும். அந்தக் காற்று கசியாமல் காத்தது ஒரு தோல் வாஷர். அது காய்ந்தால் குண்டு சோர்ந்து போகும். ஐயோ பாவம் என்று எண்ணெயைத் தாராளமாக விட்டீர்களோ, வந்தது வினை! அமுங்கிய காற்றின் சூட்டில், டீசல் எஞ்சினில் போல, எண்ணெய் பற்றி வெடிக்கும், ஸ்பிரிங்கே ஒடியலாம். ஒடிந்தால் கடைக்காரருக்கு அந்த வருஷத் திருவிழாவே போயிற்று. எப்போதாவது இரண்டு சொட்டு போதும்.

மடக்கியபடியே வைத்தாலும் ஸ்பிரிங் தளரும். அதனால் கடை கட்டும்போது கடைசிக் குண்டைத் தாமே சுட்டுவிட்டுத்தான் அவர் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றினார்.