குச்சிக்கிழங்கும் மூன்று பேரும்

கெங்கவல்லியிலிருந்து ஆத்தூருக்கு பஸ்ஸில் போய்ப் பழகியவர்களுக்கு அந்தப் புளித்த வாடை தெரியும். சேகோ மில் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நாம் பேச்சைக்கூட நிறுத்துவதில்லை.

போன மாதம், பேரன் முறையுள்ள ஒரு பையன் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கப் போவதாகச் சொல்லி என்னிடம் யோசனை கேட்டான். காலமெல்லாம் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கிய குமாஸ்தாவிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது? நம் பக்கத்து ஜவ்வரிசி வந்த கதையைச் சொல்லி அனுப்பினேன். அதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். பாடத்தில் 'மானியோக்' என்றும் 'தப்பியோக்கா' என்றும் சொற்கள் வரும். எங்கோ வெள்ளைக்காரன் சூப்பில் போடும் சமாச்சாரம் என்று மனப்பாடம் செய்தேன். அது நம்மூர்க் குச்சிக்கிழங்குதான் என்று தெரிந்துகொள்ள, உத்தியோகம் கிடைத்து இந்தப் பக்கம் வந்து இறங்க வேண்டியிருந்தது. கிழங்குக்குப் பூர்வீகம் தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர் வழியாகக் கேரளம் வந்தது. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா அதை ஊக்குவித்துப் பரப்பினார். 'சேகோ' என்ற பெயரோ மலாய்க்காரர்களுடையது. அங்கே ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு அது. அந்தப் பனை இல்லாமல், கிழங்கு மாவிலேயே அதே மணியை உருட்டியதுதான் நம் சேலத்துக்காரர்களின் சாமர்த்தியம்.

இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் நின்றன. அமெரிக்க மக்காச்சோள மாவும் வரவில்லை, சிங்கப்பூர், மலேயா பக்கத்து ஜவ்வரிசியும் வரவில்லை. சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்று ஒரு மீன் வியாபாரி. வியாபார விஷயமாக அடிக்கடி கேரளம் போய் வந்தவர், அங்கே மரவள்ளி மாவைப் பார்த்தார். வெளிநாட்டு மாவுக்கு இது ஈடாகும் என்று அவருக்குத் தோன்றியது. இதே சமயத்தில் பினாங்கிலிருந்து போபட்லால் ஷா என்பவர் சேலத்துக்கு வந்து சேர்ந்தார். மணி உருட்டும் முறை அவருக்குத் தெரியும். 1943இல் இருவரும் கையாலேயே தொடங்கினார்கள். கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, தொட்டியில் மாவைத் தெளியவிட்டு, அந்த ஈர மாவைத் துணித் தொட்டிலில் போட்டு ஆட்டுவார்கள். குழந்தையை ஆட்டுவது போலத்தான். ஆட்ட ஆட்ட மாவு மணி மணியாகத் திரளும். சலித்து, சூடான இரும்புத் தட்டில் வறுத்து, களத்தில் காயப்போட வேண்டும்.

நாளைக்கு இரண்டு மூட்டைதான் வந்தது. இங்கேதான் மூன்றாமவர் வருகிறார். வெங்கடாசலக் கவுண்டர், இயந்திரக் கை உள்ளவர். அவர் இயந்திரங்களைத் திருத்தி அமைத்த பிறகு இரண்டு மூட்டை 25 மூட்டையானது. தேவையைப் பார்த்தவர் ஒருவர், முறை தெரிந்தவர் ஒருவர், இயந்திரத்தைப் பணிய வைத்தவர் ஒருவர். இந்த மூவரில் யாரை எடுத்துவிட்டாலும் கதை அங்கேயே நின்றிருக்கும். ஒற்றை ஆளாக ஜெயித்தேன் என்று மேடையில் பேசுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூவர் நினைவுதான் வரும்.

1944இல் பஞ்சம். கிழங்கு ஏழைகளின் சாப்பாடு, அதை ஆலைக்குக் கொடுக்கக் கூடாது, ஜில்லாவைத் தாண்டி அனுப்பவும் கூடாது என்று கலெக்டர் உத்தரவு போட்டார். பசியோடிருக்கும் ஊரில் அது நியாயமான உத்தரவாகவே எனக்குப் படுகிறது. உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்து, சிவில் சப்ளைஸ் கமிஷனர் வரை மனு கொண்டுபோய் அதை நீக்க வைத்தார்கள். போர் முடிந்து வெளிநாட்டுச் சரக்கு திரும்பவும் வந்தபோதும் அரசிடம் முறையிட்டுத்தான் பிழைத்தார்கள். மனு எழுதத் தெரிவதும் ஒரு மூலதனம் என்று குமாஸ்தாவாகிய நான் சொன்னால் சிரிக்காதீர்கள்.

கிழங்கில் இன்னொரு தொல்லை உண்டு. பிடுங்கிய ஓரிரு நாளில் அரைக்காவிட்டால் கெட்டுப்போகும். அதனால் சரக்கு குவியும்போது நிறுத்தி வைக்க முடியாது. கையில் காசு இல்லாத மில்காரர் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். வாங்கிச் சாப்பிடுகிறவர்களோ மகாராஷ்டிரத்திலும் வங்காளத்திலும் இருக்கிறார்கள். அங்கே விரத நாட்களில் ஜவ்வரிசி உப்புமா இல்லாமல் முடியாது. நமக்குப் பாயசத்துக்கும் வடகத்துக்கும் ஒரு படி போதும். ஆக, விலை எப்போதும் தூரத்திலேதான் தீர்மானமானது.

இதில் அடிபட்டவர்களில் என் பெரியப்பா மகனும் ஒருவர். 1974இல் சின்னதாக ஒரு மில் போட்டார். அரைப்பதும் வறுப்பதும் அண்ணன், களத்தைப் பார்ப்பது அண்ணி. இரண்டு வருஷம் நன்றாகவே போயிற்று. பிறகு விலை இறங்கியபோது, இரண்டு மாதம் சரக்கை நிறுத்தி வைக்க மூவாயிரம் ரூபாய் கைமாற்றுக் கேட்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். என்னிடம் பணம் இருந்தது. அரசு ஊழியன் தொழிலில் பணம் போடக் கூடாது என்று நடத்தை விதியை எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டது கைமாற்று, பங்கு அல்ல. அந்த வித்தியாசம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காபியைக் குடித்துவிட்டு, "சரிப்பா, நீ ஆபீசுக்குக் கிளம்பு" என்று எழுந்துபோனார். 1979இல் மில் கைமாறியது.

1981இல் சேலத்தில் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கம் பதிவாகி, மறு வருஷம் பிப்ரவரியில் வேலையைத் தொடங்கியது. உறுப்பினர் மூட்டைகளைச் சங்கத்தின் கிடங்கில் வைக்கலாம். சரக்கின் பேரில் முன்பணம் கிடைக்கும். வியாபாரிகள் மாதிரியைப் பார்த்து ரகசிய டெண்டர் போட வேண்டும். விலை பிடிக்காவிட்டால் மூட்டை கிடங்கில் காத்திருக்கும், மில்காரர் காத்துக் கிடக்க வேண்டாம். அண்ணன் என் திண்ணையில் கேட்டதும் இதைத்தான். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பத்திரிகையில் படித்தபோது, பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மில்லை விற்ற பிறகு அண்ணன் வேறொருவர் மில்லில் மேற்பார்வைக்குச் சேர்ந்தார். எண்பதுகளில் ஒரு நாள் பார்க்கப் போனேன். கடன், விதி எதைப் பற்றியும் அவர் பேச்செடுக்கவில்லை. களத்தில் குனிந்து நாலு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். எனக்கும் நாலு கொடுத்தார்.

"இன்னும் ஒரு வெயில் வேணும்ப்பா" என்றார்.